ஒன்றும் செய்யாத நீர்



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம், சிலர் நகைக்கலாம். குடலைக் கழுவுவதற்காக மனிதன் குடித்து வந்திருக்கும் நீர்களின் சரித்திரம் அது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் அரசர்களையும் போர்களையும் பற்றிப் பாடம் சொன்னவன் நான், மருத்துவன் அல்லன். அப்படிப்பட்டவன் இந்தச் சிறு சரித்திரத்தின் பக்கம் திரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டில், என் பெருங்குடலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று டாக்டர் சொன்னதன் பேரில், ஓர் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கினேன். கொலனோஸ்கோப்பி என்பது அச்சோதனையின் பெயர். வளையக்கூடிய நீண்ட குழாய் ஒன்றைப் பெருங்குடலுக்குள் செலுத்தி, அதன் உட்சுவரைக் கண்ணாரக் காண்கிறார்கள். காண்பதற்குக் குடல் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா? அதற்காக ஒரு பொட்டலத் தூளை நீரில் கரைத்து, கால்மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கச் சொன்னார்கள். கரித்தது, வழவழத்தது, மூன்றாவது டம்ளருக்குப் பிறகு அதன் வாசனையே குமட்டியது. அன்றிரவு நான் உறங்கியதைவிட நடந்ததே அதிகம். மற்றபடி எனக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கும் அதே தூள், அதே டம்ளர். இரண்டாவது டம்ளர் முடிவதற்குள் அவர் தம் உள்ளங்கைகளை வேட்டியில் தேய்த்துக்கொள்ளத் தொடங்கினார். "சார், கையெல்லாம் அரிக்கிறது" என்றார். நான் நர்ஸம்மாவை அழைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இது மருந்துகூட இல்லை; வெறும் தண்ணீர் மாதிரிதான். உடம்பில் சேரவே சேராது. போன வழியே வந்துவிடும். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றார். அன்போடுதான் சொன்னார். பெரியவரும் அவர் பேச்சுக்கு மரியாதை தந்து மூன்றாவது டம்ளரையும் குடித்தார். சற்று நேரத்தில் கழுத்திலும் மார்பிலும் காணாக்கடி போலத் தடிப்புகள் எழுந்தன, உதடு வீங்கிற்று, குரல் கம்மிற்று. ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருவர் ஓடிவந்தார். இருபத்துநான்கு வயதுக்கு மேல் இராது. ஒரு கணந்தான் பார்த்தார். உடனே தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டார். விடியும் வேளையில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

அப்போது அவர் என்னிடம் சொன்ன ஒரு செய்திதான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது. "ஆறேழு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலிக்கு மூட்டிலே ஊசி போட்டார்கள், சார். அன்றைக்கும் இதேபோலத்தான் ஆயிற்று. இங்கே வந்ததும் அதைச் சொன்னேன். அது வேறு மருந்து, இது வேறு என்று சொல்லிவிட்டார்கள்."

முழங்கால் ஊசிக்கும் குடல் கழுவும் நீருக்கும் என்ன உறவு? 'உடம்பில் சேரவே சேராது' என்ற உறுதிதான் எங்கிருந்து வந்தது? இவ்விரண்டு கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்வோம்.

வயிற்றைக் கழுவும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியர்கள் குறித்த காலங்களில் பேதிக்கு உட்கொள்ளுமாறு விதித்தார்கள். என் வயதை ஒத்தவர்கள் விடுமுறை நாளின் காலைப்பொழுதில் விளக்கெண்ணெய்க் கரண்டியைக் கண்டு கிணற்றடிக்கு ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். விளக்கெண்ணெய் குடலை உறுத்தி வேலை வாங்குவது. நேர்வாளம் அதனினும் கடுமை; சுத்தி செய்யாமல் அதைக் கையாளலாகாது என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். இவையெல்லாம் உடலைத் தொல்லைப்படுத்திப் பயன் தருபவை. தொல்லை தரும் என்பதை எவரும் மறைத்ததில்லை. நம் கதைக்கு வேண்டுவது வேறொரு வகை: குடலை உறுத்தாமல், நீரை மட்டும் தன்னோடு இழுத்துச் செல்லும் உப்பு வகை.

இங்கிலாந்தில், லண்டனுக்கு அண்மையில் எப்சம் என்று ஓர் ஊர். 1618ஆம் ஆண்டில், கோடை வறட்சியின்போது, ஹென்றி விக்கர் என்னும் குடியானவர் தம் மாடுகளை அங்கிருந்த ஒரு நீர்க்குழிக்கு ஓட்டிச் சென்றாராம். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்க மறுத்துவிட்டனவாம். நீர் கைத்தது. மாடுகள் மறுத்த அந்த நீரை மனிதர்கள் பணம் செலவிட்டுக் குடிக்க வந்தார்கள் என்பதுதான் பின்னர் நடந்த வேடிக்கை. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் எப்சம் ஒரு பெரிய நீராட்டு ஊராகிவிட்டது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1667ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கே சென்று நான்கு பைண்டு நீர் குடித்ததாகவும், அது நன்றாகவே வேலை செய்ததாகவும் தம் குறிப்பில் பதிந்திருக்கிறார். நான்கு பைண்டு என்பது இரண்டேகால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். நான் அன்றிரவு குடித்த அளவும் ஏறக்குறைய அதுவே. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு அப்பாலிருந்து பீப்ஸ் எனக்குத் துணை வந்ததுபோல் இருந்தது, அதைப் படித்தபோது.

நெஹிமியா குரூ என்ற அறிஞர் 1695ஆம் ஆண்டில் அந்நீரில் அடங்கிய கசப்பு உப்பைப் பற்றி நூல் எழுதினார். 1698இல் அதைத் தயாரிக்கும் உரிமையையும் பெற்றார். இன்று அதை மக்னீசியம் சல்பேட்டு என்கிறோம். அதே நூற்றாண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் யோஹான் ருடால்ஃப் கிளவுபர், சோடியம் சல்பேட்டைத் தயாரித்து அதற்கு 'அற்புத உப்பு' என்று பெயரிட்டார். இவ்வுப்புகளைக் குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. உப்பு குடலிலேயே தங்கிவிடுகிறது; பள்ளியில் நீங்கள் படித்த சவ்வூடுபரவலின்படி நீரும் அதனோடு தங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். கிளவுபரின் உப்பை மறந்துவிடாதீர்கள். முந்நூறு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் வருவார்.

ஆனால் 'எளிதில் உறிஞ்சுவதில்லை' என்பதற்கும் 'உறிஞ்சுவதேயில்லை' என்பதற்கும் இடையே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மக்னீசியத்தில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கவே செய்கிறது. சிறுநீரகம் நன்றாயிருந்தால் அதை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகம் வெளியேற்றாது. அப்போது தசைகள் தளரும், மூச்சு மெலியும், இதயம் தடுமாறும். ஆகவே, ஒருவருக்கு நீராக இருப்பது மற்றொருவருக்கு நஞ்சாகலாம் என்ற செய்தி இந்தச் சரித்திரத்தின் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவுவோம். 1969ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்துப் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில், வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள், வளையும் குழாயின் வழியே கம்பிக் கண்ணியைச் செலுத்தி, மின்சார வெப்பத்தால் பெருங்குடல் முளை ஒன்றை வயிற்றைக் கீறாமலே அறுத்தெடுத்தார்கள். அத்தகைய முளைகளில் சில பின்னாளில் புற்றுநோயாகக் கூடியவை. எனவே இது பெரும் பேறு. இந்தக் கருவியால் பிழைத்தோர் எண்ணிறந்தோர். நான் இனிச் சொல்லப்போவதைக் கேட்டு எவரும் சோதனைக்கு அஞ்சலாகாது என்பதற்காகவே இதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்கிறேன்.

கருவி வந்தவுடன் குடலைச் சுத்தம் செய்யும் முறையும் அவசரமாகத் தேவைப்பட்டது. பழைய முறையில் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீரும், விளக்கெண்ணெயும், எனிமாவுமாக நோயாளி நலிந்து போவார். 1973ஆம் ஆண்டில், அறுவைச் சிகிச்சைக்கு முன் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி, சாதாரண உப்பு நீரை லிட்டர் லிட்டராகப் பாய்ச்சும் முறையொன்று இங்கிலாந்திலிருந்து வெளியாகும் 'லான்செட்' இதழில் விவரிக்கப்பட்டது. குடல் சுத்தமாயிற்று, ஆனால் உப்பும் நீரும் உடலில் ஏறிக்கொண்டன. நல்ல உடம்புக்காரர் தாங்கிக்கொண்டார். இதயமோ சிறுநீரகமோ மெலிந்தவருக்கு அது சுமையாயிற்று.

வேறு சிலர் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருளைக் கரைத்துக் கொடுத்தார்கள். இனிக்கும், குடிக்க எளிது, சிறுகுடல் அதை உறிஞ்சாது. எல்லாவற்றுக்கும் பொருத்தமானது என்றே தோன்றியது. ஆனால் அதை உறிஞ்சாதது நம் சிறுகுடல். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களோ இனிப்பைக் கண்டு சும்மா இருப்பவையல்ல. அவை மானிட்டாலைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒரு மின்பொறி பட்டால் என்ன நேரும் என்பதை ரசாயன மாணவர் எவரும் சொல்வர். 1979ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் மானிட்டால் குடித்த ஒரு நோயாளிக்கு முளையை அகற்றும் வேளையில், குடலுக்குள்ளேயே வெடிப்பு நேர்ந்தது, அவர் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அதை மறைக்காமல் ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். சரித்திரம் படிப்பவன் என்ற முறையில் அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். தன் கையால் நேர்ந்த மரணத்தை அச்சில் ஏற்றுவது எளிதன்று. அவ்வெச்சரிக்கை பரவியதால் மின் கருவி பயன்படும் இடங்களில் மானிட்டாலுக்கு விடை கொடுக்கப்பட்டது.

உப்பு நீர் உடலில் ஏறுகிறது. இனிப்பு நீர் வெடிக்கிறது. அப்படியானால் உடலும் தொடாத, பாக்டீரியாவும் தொடாத நீர் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரான் என்னும் குடலியல் அறிஞரின் ஆராய்ச்சிக்கூடம் இக்கணக்கைப் போட்டது. கிளென் டேவிஸ் முதலிய நால்வர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்கள் செய்த யுக்தியைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

குடல், சோடியத்தை உறிஞ்சும்போது குளோரைடையும் உடன் சேர்த்துக்கொள்ள விரும்பும். குளோரைடைக் குறைத்து, அவ்விடத்தில் சல்பேட்டை வைத்துவிட்டால் சோடியம் எளிதில் உள்ளே போகமாட்டாது. பார்த்தீர்களா, கிளவுபரின் அற்புத உப்பு திரும்பி வந்துவிட்டது! அதனோடு நீரைக் குடலிலேயே பிடித்து நிறுத்தப் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளைச் சேர்த்தார்கள். இது நீண்ட சங்கிலி போன்ற பெரிய மூலக்கூறு. நீரில் எளிதாகக் கரையும். குடல் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று அளக்க விரும்பிய உடலியல் அறிஞர்கள் இதனை முன்னமே ஓர் அடையாளப் பொருளாகக் கையாண்டு வந்தார்கள். வாயில் போன அளவு அப்படியே வெளிவரும் என்பதால் அதை அளவுகோலாக வைத்தார்கள். ஒன்றும் செய்யாது என்பதே அதன் தகுதி. அந்தத் தகுதிக்காகவே அது இப்போது மருந்துக்குள் அழைக்கப்பட்டது.

விளைந்த கரைசல் வியக்கத்தக்கது. நான்கு லிட்டர் குடித்தாலும் உடல் அதனிடமிருந்து பெரிதாக எதையும் எடுப்பதில்லை. அதற்கு எதையும் கொடுப்பதுமில்லை. ஒரு நதி தன் கரையை நனைக்காமல் ஓடுவது போன்றது அது. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை விற்பனைக்கு அனுமதித்தது. 'மெல்லப் போ' என்று பொருள்படும்படி கோலைட்லி என்று பெயர் வைத்தார்கள். குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் மெல்லப் போவது என்பது பெயரில் மட்டுமே!

குறைகளும் உடனே தெரியவந்தன. அளவு மிகுதி, சல்பேட்டின் வாசனை குமட்டும், சிலருக்குக் குளிர் நடுக்கம், வயிற்று உப்பிசம், வாந்தி. அரிதாக, கடும் வாந்தியால் உணவுக்குழாய் கிழிந்ததும், முதியவர் நுரையீரலில் கரைசல் புகுந்ததும் உண்டு. ஆயினும் இவை குடிப்பதில் வரும் துன்பங்கள். பொருளின் குற்றமல்ல என்றே கருதப்பட்டது.

நான்கு லிட்டரைக் குடிக்க மாட்டாமல் மக்கள் தவித்ததுதான் அடுத்த அத்தியாயத்துக்கு வழி வகுத்தது. சோடியம் பாஸ்பேட்டுக் கரைசல் என்பது பழைய பேதி மருந்து. சிறு அளவில் நெடுங்காலம் கடைகளில் விற்றுவந்தது. 1990ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர்கள் அதில் 45 மில்லிலிட்டர் வீதம் இரு வேளை கொடுத்து, நான்கு லிட்டர்க் கரைசலோடு ஒப்பிட்டார்கள். குடல் நன்கு சுத்தமாயிற்று. நோயாளிகளும் இதையே விரும்பினார்கள். விரும்பாமல் என்ன செய்வார்கள்? ஒரு குடத்துக்குப் பதில் ஒரு கிண்ணம்! அம்முறை வேகமாகப் பரவிற்று.

பின்னர் நடந்ததை வெளிப்படுத்தியவர்கள் குடல் மருத்துவர்கள் அல்லர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிறுநீரகத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராயும் கிளென் மார்க்கோவிட்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், 2000ஆம் ஆண்டு முதல் 2004ஆம் ஆண்டு வரை தங்களிடம் வந்த துணுக்குகளில் ஒரு விந்தையைக் கண்டார்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் கால்சியம் பாஸ்பேட்டுப் படிகங்கள் மணல்போல் அடைந்து கிடந்தன. இவ்வாறு படிகம் அடைந்த 31 பேரில் 21 பேர் அண்மையில் பாஸ்பேட்டுக் கரைசலைக் குடித்துக் கொலனோஸ்கோப்பி செய்துகொண்டவர்கள். பெரும்பாலோர் இரத்த அழுத்த நோயுள்ளவர்கள். 2005ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. அந்த 21 பேரில் நால்வர் நிரந்தரமாக டயாலிசிஸ் எந்திரத்தை நம்பி வாழ நேர்ந்தது. எஞ்சிய 17 பேருக்கும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதில் என் மனத்தை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. பேதியான மறுநாள் இவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேடு சில வாரங்களோ மாதங்களோ கழித்து, வேறொரு மருத்துவர் வேறொரு காரணத்துக்காக இரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. 'என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால், என்றோ ஓர் இரவில் குடித்த கழுவும் நீரை யார் நினைவில் வைத்துச் சொல்வார்? அதை மருந்தென்றே எவரும் எண்ணவில்லையே! குடித்ததையும் கெட்டதையும் இணைக்கும் நூல் இவ்வாறு அறுந்து போயிற்று. அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2006ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் பாஸ்பேட்டு மாத்திரைகளுக்குக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை விதித்தது. கடையில் தாராளமாக விற்ற திரவத்தைக் கொண்டு குடலைக் கழுவலாகாது என்றும் அறிவித்தது. தயாரித்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மருத்துவ உலகம் மீண்டும் டல்லஸ் கரைசலுக்கே திரும்பிற்று. பாலிஎதிலீன் கிளைக்கால் ஒன்றும் செய்யாது, உடம்பில் சேராது என்ற புகழ் முன்னிலும் உயர்ந்தது. நர்ஸம்மா அன்றிரவு சொன்ன வாக்கியம் அங்கிருந்து வந்ததுதான். அவர் மீது நான் குறை சொல்லமாட்டேன். பல்லாயிரம் பேருக்கு அது உண்மையாகவே இருந்தது.

ஆனால் ஆராய்ச்சி இதழ்களின் பழைய கட்டுகளைப் புரட்டினால் வேறு குரல்களும் கேட்கின்றன. 1991ஆம் ஆண்டில், அமெரிக்காவின் உள்நோக்கு மருத்துவ இதழ் ஒன்றில், இக்கரைசலைக் குடித்தவருக்குக் கடும் ஒவ்வாமை நேர்ந்த செய்தி வந்தது. எழுதியவர்கள் தலைப்பிலேயே 'அநேகமாக' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றும் செய்யாத பொருளைக் குற்றம் சாட்ட அவ்வளவு தயக்கம்! 1992இல் அதே இதழில் தடிப்பு எழுந்த ஒருவரைப் பற்றிய கடிதம். 1996இல் முகமும் தொண்டையும் வீங்கிய ஒருவரைப் பற்றியது. எல்லாம் சிறு சிறு கடிதங்கள். ஆண்டுக்கொரு தூறல், அதை மழையென்று யாரும் குடை எடுக்கவில்லை.

ஒவ்வாமையின் தன்மையை இங்கே இரண்டு வார்த்தையில் நினைவூட்டுகிறேன். பிரெஞ்சு அறிஞர்கள் சார்ல் ரிஷே, போல் போர்த்தியே இருவரும், மொனாக்கோ இளவரசரின் கப்பலில் 1901ஆம் ஆண்டில் கடலுயிர்களின் நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். நாடு திரும்பிய பின், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்தினார்கள். முதல்முறை தாங்கிய நாய் ஒன்று, சில வாரங்கள் கழித்து அதையே மீண்டும் செலுத்தியபோது அரைமணிக்குள் மாண்டது. பழகிய உடல் காப்பதற்குப் பதில் கொன்றதைக் கண்டு, 1902இல் அதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது, சிறிய அளவும் போதுமானதாகலாம் என்பது. நான்கு லிட்டரில் மிக மிகச் சிறிய பங்கு பாலிஎதிலீன் கிளைக்கால் குடற்சுவரைத் தாண்டி உள்ளே போகத்தான் செய்கிறது. சாதாரண மனிதருக்கு அது பூஜ்யத்துக்குச் சமம். முன்பே பகை கொண்ட உடலுக்கு அதுவே போதும்.

பகை எங்கே மூண்டது? இங்கேதான் என் பெரியவரின் முழங்கால் வருகிறது. ஒன்றும் செய்யாத பொருள் என்று பெயர் பெற்றுவிட்டதால் பாலிஎதிலீன் கிளைக்காலைப் பூசுமருந்திலும், மாத்திரையின் மேற்பூச்சிலும், பற்பசையிலும், ஊசி மருந்திலும் சேர்த்தார்கள். மருந்தைத் தாங்கி நிற்கும் துணைப்பொருள் அது. துணைப்பொருளின் பெயரை யார் படிக்கிறார்கள்? 2019ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசுக்கு வந்த அறிக்கைகளை 2005 முதல் 2017 வரை அலசி, குடல் கழுவும் கரைசலோ பேதி மருந்தோ ஆகிய இப்பொருளால் ஆண்டுக்குச் சராசரி நான்கு பேருக்கு அனஃபிலாக்ஸிஸ் நேர்ந்ததாகக் கண்டார்கள். அறிக்கை எழுதப்பட்டவை மட்டுமே இவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூட்டு வீக்கத்துக்குப் போடும் மெத்தில்பிரெட்னிசலோன் அசிடேட்டு என்ற ஊசி மருந்தின் ஒரு வகையில், குடல் கழுவும் தூளிலுள்ள அதே பாலிஎதிலீன் கிளைக்கால் 3350 இருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த எண் மூலக்கூற்றின் சராசரி எடையைக் குறிக்கும். சிறிய மூலக்கூறுகளைத் தாங்குபவரும் பெரியவற்றுக்கு அடிபணிவதுண்டு.

அக்கட்டுரையைப் பற்றி ஒரு மருத்துவ நண்பர் எனக்கு விளக்கிச் சொன்ன நாளில், நான் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அது வேறு மருந்து, இது வேறு என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, மருந்துகள் வேறுதாம். பெரியவரின் உடல் மட்டும் இரண்டிலும் ஒரே ஆளை அடையாளம் கண்டுகொண்டது. வேண்டாத பிரயாணியை எந்தச் சட்டையில் வந்தாலும் கண்டுகொள்ளும் கண்டக்டரல்லவா அவர்!

பொருளின் பெயர் ஒருமுறை வெளிப்பட்டதும் கதை மறுபுறமும் சாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பிரிட்டனில் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கிய அன்றே மருத்துவ ஊழியர் இருவருக்கு ஒவ்வாமை நேர்ந்தது. அத்தடுப்பூசியில் பாலிஎதிலீன் கிளைக்கால் இருந்ததால் சந்தேகம் முழுவதும் அதன் மேல் விழுந்தது. பின்னர் நடந்த சோதனைகளில், இப்பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலர் அதே தடுப்பூசியைத் தீங்கின்றி ஏற்றுக்கொண்டார்கள். எழுந்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது காரணமன்று என்றே தெரிந்தது. முப்பதாண்டுகள் பெரும்பாலோர் சந்தேகிக்காத பொருளை, ஒரே மாதத்தில் எல்லோரும் சந்தேகித்தார்கள். இரண்டுமே ஆராயாமல் செய்தவைதாம்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் நான் பெரியவரை ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பெரியவரிடம் முழங்கால் ஊசி வாங்கிய பழைய ரசீது, பழுப்பேறி, நான்காக மடிந்து பத்திரமாக இருந்தது. டிக்கெட்டுக் கட்டுகளுக்குக் கணக்கு வைத்துப் பழகியவர் எதையும் எறிந்துவிடுவதில்லை. அம்மருத்துவர் ரசீதிலிருந்த மருந்தின் துணைப்பொருட்களையும் குடல் தூளின் உறையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்பு அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிக நீர்த்த கரைசலில் தொடங்கித் தோற்சோதனை செய்தார். கை தடித்தது. அவர் ஒரு சிறு அட்டையில், பெரியவர் படிக்கும்படி தமிழிலும், மருந்துக் கடைக்காரர் படிக்கும்படி ஆங்கிலத்திலும் அப்பொருளின் பெயரை எழுதித் தந்தார். எதை அறவே விலக்க வேண்டும், எதைத் தம்மிடம் கேட்டுப் பயன்படுத்தலாம் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

சென்ற மாதம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு பற்பசைக் குழாய், வலித் தைலம், மூன்று மாத்திரை அட்டைகள், ஒரு பூதக்கண்ணாடி ஆகியவற்றை வரிசையாக வைத்திருந்தார். "வாருங்கள் சார். எழுத்து ரொம்பப் பொடி. அந்தப் பெயர் இதில் எதிலாவது இருக்கிறதா, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். மூன்றாவது மாத்திரை அட்டையின் கடைசி வரியில் அது இருந்தது. சொன்னேன். அவர் அதை வாங்கித் தனியே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையின் ஓரத்தில் 'டாக்டரைக் கேட்க' என்று எழுதிக்கொண்டார்.